ஆட்ட விதிகள் சரி, திரையில்தான் பிழை

விண்டோஸ் 3.0 உடன் 1990-இல் வெளிவந்த சொலிடேர் சீட்டாட்டத்தில், வென்றவுடன் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளிக் குதித்துத் திரையை விட்டு வெளியேறும். போகிற வழியெல்லாம் தம் உருவத்தை வரிசையாக விட்டுச் செல்லும். சீட்டைப் புதிய இடத்தில் வரையும் நிரல், பழைய இடத்தில் இருந்ததை அழிப்பதில்லை. அந்த அழகுக்குக் காரணம் அவ்வளவுதான். வெஸ் செர்ரி எழுதிய அந்த ஆட்டத்தில் இது வேண்டுமென்றே செய்யப்பட்டது. இதே செயல் வேண்டாத நேரத்தில் நடந்தால் அது இடைமுகப் பிழை, அதாவது ஆடுகிறவர் பார்த்துக் கையாளும் திரைப் பகுதியில் வரும் கோளாறு.

கணினியில் ஆடும் சீட்டாட்டமோ சதுரங்கமோ இரண்டு இடங்களில் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் எந்தக் காய், இப்போது யாருடைய முறை என்பதெல்லாம் நினைவகத்தில் எண்களாக இருக்கின்றன. திரையில் இருப்பது அந்த எண்களைப் பார்த்து வரைந்த படம். ஆடுகிறவர் படத்தை நம்புகிறார், நிரல் எண்களை நம்புகிறது. இந்த இரண்டும் பிரியும் இடங்களில்தான், பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் பிழைகள் பிறக்கின்றன.

காயை நகர்த்திய பிறகும் பழைய கட்டத்தில் அதன் நிழல் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். முழுப் பலகையையும் ஒவ்வொரு முறையும் வரைவது வீண் வேலை என்பதால், மாறிய செவ்வகத்தை மட்டும் நிரல் மறுபடி வரைகிறது. அந்தச் செவ்வகத்தைச் சில பிக்சல்கள் குறைவாகக் கணக்கிட்டால் காயின் விளிம்பு மிஞ்சும். பழைய கட்டத்தையே சேர்க்க மறந்தால் முழுக் காயும் மிஞ்சும். சாளரத்தின் அளவைச் சற்று மாற்றிப் பாருங்கள். எல்லாம் புதிதாக வரையப்பட்டு நிழல் மறைந்தால், கோளாறு வரைவதில் இருந்தது. ஆட்டத்தின் கணக்கு பத்திரமாக இருக்கிறது.

இழுக்கும் சீட்டு கர்சரோடு ஒட்டிக்கொண்டு விடாமல் வருவது இன்னொன்று. மவுசால் இழுப்பது நமக்கு ஒரே செயல். நிரலுக்கோ அது தனித்தனிச் செய்திகள்: பொத்தான் அழுத்தப்பட்டது, கர்சர் நகர்ந்தது, பொத்தான் விடப்பட்டது. வழக்கமாக இந்தச் செய்திகள் கர்சருக்குக் கீழே இருக்கும் சாளரத்துக்கே போகும். சீட்டை இழுத்துக்கொண்டே ஆட்டத்தின் எல்லையைத் தாண்டி வெளியே விரலை எடுத்தால், ‘விடப்பட்டது’ என்ற செய்தி வேறொரு சாளரத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இதற்காகவே, இழுத்து முடியும்வரை மவுஸ் செய்திகள் அனைத்தும் தனக்கே வர வேண்டும் என்று இயங்குதளத்திடம் நிரல் கேட்டுப் பெறலாம். ஆனால் நடுவில் வேறொரு சாளரம் முன்னே வந்தால் அந்த உரிமை பறிபோகும். பறிபோனதையும் இயங்குதளம் தெரிவிக்கிறது. அந்த ஒரு செய்தியைக் கவனித்துச் சீட்டைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டால் போதும். சில வரிகளில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அளவுப் பிழை, ஏனென்றால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பழைய விண்டோஸ் சீட்டுகள் 71 பிக்சல் அகலம், 96 பிக்சல் உயரம். அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்று எல்லாத் திரைகளையும் நினைத்து எழுதிய காலம் அது. இன்று திரையை 150 சதவீதமாகப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். 60 பிக்சல் கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையை ஒரு நிரல் 90 பிக்சலாகப் பெரிதாக்கி வரைகிறது, ஆனால் கிளிக் விழுந்த கட்டத்தைக் கண்டுபிடிக்க மட்டும் தூரத்தைப் பழைய 60-ஆலேயே வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தின் நடுவில் அழுத்தினால் இடப்பக்கத்திலிருந்து தூரம் 45 பிக்சல். விடை சரியாக முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தின் நடு 135. 60-ஆல் வகுத்தால் 2.25, அதாவது இரண்டு கட்டங்கள் தாண்டி மூன்றாம் கட்டம். நான்காவதை அழுத்தினால் ஆறாவது கிடைக்கும். ஆறாம் கட்டத்தின் நடுவோ 495-இல் இருக்கிறது. நிரலின் கணக்கில் எட்டுக் கட்டப் பலகை 480-லேயே முடிந்துவிட்டது, ஆகவே எதுவும் நடக்காது. இடது மேல் மூலையில் சரியாக வேலை செய்து, வலப்பக்கம் போகப் போகப் பிசகு கூடினால் வேறு எதையும் தேட வேண்டாம்.

கடிகாரத்திலும் இத்தகைய விலகல் உண்டு. கண்ணிவெடிகளைத் தவிர்த்துக் கட்டங்களைத் திறக்கும் பழைய மைன்ஸ்வீப்பர் ஆட்டத்தில் முதல் கிளிக்கிலேயே கடிகாரம் 1 காட்டும், 999-க்கு மேல் போகாது. இவை தீங்கற்றவை. விண்டோஸில் நேரச் செய்திகளுக்கு முன்னுரிமை குறைவு, பல செய்திகள் சேர்ந்து ஒன்றாகவும் வரும் என்பதுதான் சிக்கல். அவற்றை எண்ணியே நொடிகளைக் கூட்டும் நிரலில், கணினி வேறு வேலையில் மூழ்கும்போது கடிகாரம் பின்தங்கும். தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து, இப்போதைய நேரத்திலிருந்து கழிப்பதே சரியான முறை.

ஆட்ட விதிகளைச் சோதிக்கத் தானியங்கிச் சோதனைகள் எழுதுவது எளிது. அவை பெரும்பாலும் நினைவகத்து எண்களை மட்டுமே பார்க்கின்றன. எனவே இப்படி ஒரு பிழையைக் கண்டு நிரலாளருக்கு எழுதும்போது, திரையின் பெரிதாக்க அளவு எத்தனை சதவீதம், பிழை எந்த மூலையில் தொடங்குகிறது, சாளரத்தின் அளவை மாற்றினால் மறைகிறதா என்ற மூன்றையும் தவறாமல் சொல்லுங்கள்.