முதுகில் கேட்கும் சொடக்குச் சத்தம்

வாரக் கடைசிகளில் பத்துக் கிலோமீட்டர் ஓடும் பழக்கமுள்ள நாற்பது வயதுக்காரர் ஒருவர், குறுக்கைப் பிடித்துக்கொண்டு இயன்முறை மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் தடவிப் பார்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை ஓரிடத்தில் ஊன்றிச் சட்டென்று அழுத்துகிறார். 'சொடக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. எழுந்து குனிந்து பார்த்தால் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. விலகியிருந்த எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். சிகிச்சையாளர்கள் பலரும் இன்றுவரை அப்படித்தான் விளக்கம் சொல்கிறார்கள். வலி குறைந்ததில் சந்தேகமில்லை என்றாலும், அந்த விளக்கத்தை ஏற்க முடியாது.

1998இல் ஸ்வீடனில் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டில் வலியிருந்த 10 பேரின் எலும்புகளில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, கையால் மூட்டைத் திருகிச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்து, மணிகளுக்கு இடையேயான தூரத்தை அளந்தார்கள். தொட்டுப் பார்த்துச் செய்த சோதனைகளில் மூட்டு 'சரியாகிவிட்டதாக'த் தெரிந்தது. எலும்போ இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படியானால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? மூட்டு உறைக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. மூட்டுப் பரப்புகள் சட்டென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, வாயு ஒரு குழியாகத் திரள்கிறது. அந்தக் குமிழி உடைவதால்தான் சத்தம் வருகிறது என்று 1971இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருதினார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரல் மூட்டை இழுத்துப் படம்பிடித்தபோது, குழி உருவாகும் கணத்திலேயே சத்தம் எழுவது தெரிந்தது. வாயு மீண்டும் கரைய ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். நெட்டி முறித்த விரலை உடனே மறுபடி முறிக்க முடியாததற்கு இதுவே காரணம். முதுகுவலி குறைவதற்குச் சத்தம் கேட்டே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

உண்மையான மாற்றம் நரம்பு மண்டலத்தில் நடக்கிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் நம் கை தானாகவே போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளின் செய்தி, வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளின் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகிறது என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் விளக்கினார்கள். பின்னாளில் அந்தக் கோட்பாட்டில் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது. இதனுடன், நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் வலியடக்கும் பாதைகளும் தூண்டப்படுகின்றன. வலிக்குப் பயந்து இறுகிக் கிடந்த தசைகள் தளர்கின்றன. குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் தன் பங்கைச் செய்கிறது. ஆனால் இந்த விளைவு பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் நீடிக்கிறது.

முழங்கால் வலிக்குக் கையால் செய்யப்படும் சிகிச்சை இன்னும் நுட்பமானது. முழங்கால் கதவுக் கீல்போல மடங்குவதில்லை. மடங்கும்போது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றின்மேல் ஒன்று உருண்டுகொண்டே வழுக்கவும் செய்கின்றன. அந்த வழுக்கல் குறைந்துவிட்டால் காலை முழுதாக நீட்டவோ மடக்கவோ முடிவதில்லை. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, கெண்டைக்காலின் மேற்பகுதியை இரு கைகளாலும் பற்றி, எலும்பை முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் அளவுக்கு மருத்துவர் தாளகதியில் அசைக்கிறார். இந்த அசைவுகளை ஆஸ்திரேலியரான ஜெஃப்ரி மெய்ட்லண்ட் நான்கு படிகளாகப் பிரித்தார். வலி மிகுந்திருக்கும்போது, தடை தட்டுப்படும் முன்பே நின்றுவிடும் முதல் இரண்டு படிகள். விறைப்பே பிரச்சினை என்றால், தடைக்குள் போய் அழுத்தும் பிந்தைய இரண்டு படிகள்.

இதனால் என்ன பயன் என்பதற்கு 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல சான்று. இராணுவ மருத்துவத் துறையைச் சேர்ந்த இரு மருத்துவமனைகளில், முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப்பேருக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசியும், மறுபாதிக்குக் கைச்சிகிச்சையும் உடற்பயிற்சியும் கலந்த இயன்முறை சிகிச்சையும் தரப்பட்டன. வலி, விறைப்பு, அன்றாடச் செயல்பாடு ஆகியவற்றை 0 முதல் 240 வரை அளக்கும் அளவுகோலில், தொடக்கத்தில் இரு குழுவினரும் 108ஐ ஒட்டியே இருந்தார்கள். ஓராண்டு கழித்து ஊசிக் குழுவின் சராசரி 55.8, இயன்முறைக் குழுவின் சராசரி 37. எண் குறையக் குறைய நல்லது. இதில் கையின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தேய்ந்த குருத்தெலும்பைக் கை மீண்டும் வளர்க்கவும் இல்லை. முதுகுவலிக்கான பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், உடற்பயிற்சியுடன் சேர்த்து மட்டுமே கைச்சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. வலி தணிந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் உட்கார்ந்து எழுவது, படியேறி இறங்குவது, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்று பழகுகிறவருக்கே அது பயன்படுகிறது. வாரந்தோறும் போய்ப் படுத்துச் சொடக்கெடுத்துக்கொண்டு வருவதை என்னால் சிகிச்சை என்று சொல்ல முடியவில்லை.

'ஜவ்வு விலகியிருக்கிறது', அதாவது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்ற ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பயந்து ஓட்டத்தை நிறுத்துகிறவர்கள் ஏராளம். ஆனால் வலியே இல்லாத இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருப்பது ஸ்கேன் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

கை வைக்கவே கூடாத முதுகுகளும் உண்டு. எலும்பு மெலிவு நோய் உள்ளவர்களுக்கு வேகமான அழுத்தம் ஆகாது. முதுகுவலியுடன் காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் முதலில் மருத்துவப் பரிசோதனை தேவை. இருசக்கர வாகனத்தின் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக்கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம்; அவர் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.