மலையிறங்கும்போது கியரை எப்போது குறைப்பது?

மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். விடுமுறை நாள் சாயங்காலங்களில் ஊட்டியிலிருந்து இறங்கும் கார்கள் நேராக இங்கேதான் வரும். "பிரேக்கே பிடிக்க மாட்டேங்குதுண்ணே" என்பார்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால், சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். அதை அழுத்திப் பிடிக்கும் பேட் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். எந்த கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் நாலாவது. சிலர் நியூட்ரல். பெட்ரோல் மிச்சமாகுமாம்.

மிச்சமாகாது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. அந்த இழுவைதான் வண்டியையும் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் செலவாகும். கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் நியூட்ரலும் ஒன்றுதான். சாவியை அணைத்து இறங்குவதோ இன்னும் மோசம்: பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிஞ்சிய வாக்குவம் (வெற்றிடம்) சில மிதியிலேயே தீர்ந்து பெடல் இறுகிவிடும்.

கியரைக் குறைக்க வேண்டிய நேரம், இறக்கம் தொடங்குவதற்கு முன்பு. வேகம் ஏறிய பிறகு அல்ல. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, அப்புறம் இரண்டாவதுக்கு வந்து, கிளட்சை முழுதாக விட்டுவிடுங்கள். ஏற எந்த கியர் வேண்டுமோ, இறங்கவும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது சரியான கணக்கு. ஊட்டி–மசினகுடி சாலையிலுள்ள கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் பெரும்பாலும் இரண்டாவதுதான்; ஆள் நிறைந்த வண்டி என்றால் சில இடங்களில் முதல் கியரே வேண்டும். இன்ஜின் உறுமுகிறதே என்று பலர் பயந்து மேல் கியருக்குப் போகிறார்கள். 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3000 சுற்று) சத்தம் இன்ஜினுக்கு ஒன்றும் செய்யாது.

பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். தேவையான இடத்தில் நன்றாக அழுத்தி, உடனே விடுங்கள். டாட் 4 என்ற தர வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால், கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு 155 டிகிரியே போதுமாகிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரை வரை போய்விடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். அவசரப்பட்டு டிஸ்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.