கறுப்பு வண்டியில் சூரியனைச் சுற்றி ஒரு சிலந்தி வலை

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "கறுப்பு நிற கார். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. தினமும் காலையில் நானே துணியால் துடைக்கிறேன், வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஆனால் வெயிலில் நிறுத்தினால், பானெட்டில் சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள். நான் வட்டமாகத் துடைப்பதே இல்லை. அப்புறம் வட்டம் எங்கிருந்து வந்தது?"

கேள்வியின் கடைசி வரி என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அவர் சொல்வது உண்மை. அவர் வட்டமாகத் துடைக்கவில்லை. அவருடைய பானெட்டில் வட்டம் எதுவும் கிடையாது. அங்கே இருப்பவை எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று ஓடும் பொடிப்பொடிக் கீறல்கள். அவற்றை வைத்து வட்டம் போடுவது வெளிச்சம்.

கீறல் எப்படி விழுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பெயின்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு அல்ல. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பாதி. நாம் பார்த்து மயங்கும் பளபளப்பு முழுவதும் இந்தப் படலத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. அது பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது, மிருதுவானது.

அதன்மேல் வந்து உட்காரும் தூசியில் மணல் துகள் உண்டு. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே ஐந்தரைதான். அதாவது குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும். கிளியர் கோட் எம்மாத்திரம்? காய்ந்த தூசியின்மேல் காய்ந்த துணியை வைத்து இழுக்கும்போது, துணிக்கும் பூச்சுக்கும் நடுவில் அந்தத் துகள்கள் மாட்டிக்கொள்கின்றன. துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி, கீறுவது துணி இல்லையே. வாசகர் அக்கறையோடு தினமும் செய்த காலை வேலைதான் இதற்குக் காரணம் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதுதான் காரணம்.

சரி, இப்போது வட்டத்துக்கு வருவோம். இதை ராத்திரியில் நீங்களே பார்க்கலாம். இருட்டான இடத்தில், கறுப்பு அல்லது அடர்நீல வண்டி ஒன்றின் பக்கத்தில் நின்று, போனில் இருக்கும் டார்ச்சைப் போட்டு பானெட்டின்மேல் பிடியுங்கள். டார்ச்சின் பிம்பத்தைச் சுற்றி, நூல் நூலாக, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் தெரியும். சிலந்தி வலை மாதிரி. இப்போது டார்ச்சை மெல்ல வலது பக்கம் நகர்த்துங்கள். வலை அப்படியே கூடவே நகரும். கையை அசைக்காமல் தலையை மட்டும் சாய்த்துப் பாருங்கள், அப்போதும் நகரும். பெயின்டில் பதிந்த வட்டம் என்றால் அது இடம் மாறுமா? பக்கத்தில் இன்னொருவர் நின்றால் அவர் பார்ப்பது வேறு வலை, வேறு மையம். வானவில் ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனித்தனி என்பார்களே, அதேபோலத்தான் இதுவும்.

ஒரே ஒரு கீறலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நுண்ணிய வாய்க்கால். வாய்க்காலுக்கு இரண்டு கரைகள். கரைகள் பக்கவாட்டில் சரிந்திருக்கின்றன. வாய்க்கால் ஓடும் திசையில் சரிவே கிடையாது. ஆகவே கீறலில் விழும் வெளிச்சம் இரு பக்கமும் விசிறி போல விரியும், நீளவாக்கில் விரியாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

பானெட்டில் டார்ச்சின் பிம்பம் ஓர் இடத்தில் பளிச்சென்று தெரிகிறது. அந்த இடத்தில் பட்ட வெளிச்சம் நேராக உங்கள் கண்ணுக்கு வருகிறது. அதிலிருந்து நான்கு விரல் தள்ளி வேறோர் இடத்தில் பட்ட வெளிச்சம் உங்கள் கண்ணைத் தவறவிட்டு விலகிப் போய்விடும். அதைத் திருப்பிக் கண்ணுக்கு அனுப்ப வேண்டுமென்றால், அந்த இடத்தில் பரப்பு லேசாகச் சரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம்? பிம்பத்தை நோக்கித்தான். வேறு பக்கம் சரிந்தால் பயனில்லை.

இப்போது அந்த இடத்தில் இரண்டு கீறல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிம்பத்தை நோக்கி ஓடுகிறது, சக்கரத்தின் ஆரக்கால் போல. அதன் கரைகள் இடமும் வலமும் சரிந்திருப்பதால் வெளிச்சத்தை இடத்துக்கும் வலத்துக்கும் வீசுகிறது. உங்கள் கண்ணுக்கு ஒன்றும் வராது. அந்தக் கீறல் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. இன்னொன்று குறுக்கே, சக்கரத்தின் விளிம்பு போல ஓடுகிறது. அதன் ஒரு கரை சரியாகப் பிம்பத்தின் பக்கம் சரிந்திருக்கிறது. அது உங்கள் கண்ணில் மின்னுகிறது.

பிம்பத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இதே தேர்வுதான். ஆயிரக்கணக்கான கீறல்களில் விளிம்புபோல் கிடப்பவை மட்டும் ஒளிர்கின்றன, ஆரக்கால்போல் கிடப்பவை அணைந்து கிடக்கின்றன. ஒளிரும் துண்டுகளைக் கண் சேர்த்துக் கோத்துப் பார்க்கிறது. அதுதான் வட்டம். டார்ச்சை நகர்த்தினால் மையம் மாறும். நேற்று அணைந்திருந்த கீறல் இன்று ஒளிரும். எவர்சில்வர் பாத்திரத்தின் அடியை விளக்கில் காட்டிப் பாருங்கள், அங்கேயும் இந்த வலை உண்டு. மழை விட்ட இரவில், நனைந்த மரக்கிளைகளுக்குப் பின்னால் தெருவிளக்கு எரியும்போது, கிளைகள் எல்லாம் விளக்கைச் சுற்றி வளைந்து நிற்பதுபோல் தெரிவதும் இதனால்தான். ஒரே வடிவியல், மூன்று இடங்களில். முதல்முறை இது புரிந்த அன்று நான் கையில் டார்ச்சோடு வண்டியை நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கறுப்பு வண்டியில்தான் இது அதிகம் விழுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லா நிறத்திலும் ஒரே கிளியர் கோட், ஒரே கீறல். வெள்ளை வண்டியில் கீழே உள்ள நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்புகிறது. அந்த வெளிச்ச வெள்ளத்தில் கீறலின் மெல்லிய மினுக்கம் மூழ்கிவிடும். கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வதால் கீறல் மட்டும் தனித்து நிற்கிறது.

வண்டி கழுவும் தொழிலில் இருப்பவர்கள், "வட்டமாகத் தேய்க்காதே, நேராக இழு" என்பார்கள். அதன் அர்த்தமும் இப்போது தெரிந்திருக்கும். நேராக இழுத்தாலும் மணல் கீறத்தான் செய்யும். ஆனால் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் கிடந்தால், வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட பக்கத்திலிருந்து வரும்போது மட்டும் அவை கண்ணில் படும். மற்ற நேரம் அணைந்தே இருக்கும். வட்டமாகத் தேய்த்தால் எல்லாத் திசையிலும் கீறல் இருக்கும், ஆகவே எங்கே நின்று பார்த்தாலும் ஏதோ சில ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அனுபவத்தில் கண்டுபிடித்த ஒரு விதி, ஒளியியலோடு இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

கீறலைத் தவிர்க்க என்ன வழி? முதலில் தண்ணீரைப் பீய்ச்சி, எவ்வளவு மணல் போகுமோ அவ்வளவையும் தொடாமலேயே அனுப்பிவிட வேண்டும். அப்புறம் ஷாம்பு. சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அது எண்ணெய் அழுக்கைச் சூழ்ந்து தூக்கிவிடுகிறது. வண்டியைப் பொறுத்தவரை சோப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: துகளுக்கும் பூச்சுக்கும் நடுவே வழுக்கும் படலமாகப் படுத்துக்கொள்கிறது. துகள் உராயாமல் வழுக்கிப் போகிறது.

சோப்புப் படலம் என்றதும் ஆக்னஸ் போக்கெல்ஸ் நினைவுக்கு வருகிறார். 1862இல் பிறந்தவர், ஜெர்மனியில் வாழ்ந்தவர். அந்தக் காலத்தில் பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டு வேலை செய்துகொண்டே, தண்ணீரின் மேற்பரப்பில் எண்ணெயும் சோப்பும் என்ன செய்கின்றன என்று சமையலறையில் தகரத் தொட்டி ஒன்றை வைத்து அளந்தார். 1891இல் அவர் தன் முடிவுகளை இயற்பியலாளர் ரேலீ பிரபுவுக்குக் கடிதமாக எழுத, ரேலீ அதை 'நேச்சர்' இதழில் வெளியிட வைத்தார். அந்தத் தொட்டியின் வழியில் வந்த கருவியோடு ஆராய்ந்த இர்விங் லாங்மியூருக்கு 1932இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரத் தொட்டி ஞாபகம் வரும். உடனடிப் பயன் தெரியாத கேள்விகளுக்கும் ஒரு பங்கு பணம் கட்டாயம் போக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வண்டிக்குத் திரும்புவோம். வாசகர் ஒன்றைக் கவனித்திருப்பார்: தண்ணீர் ஊற்றியதும் வலை மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்ப வரும். காற்றிலிருந்து கிளியர் கோட்டுக்குள் நுழையும் வெளிச்சத்தில் ஏறக்குறைய நூற்றில் 4 பங்கு திரும்புகிறது. கீறலின் கரை மின்னுவது இந்த 4 பங்கால்தான். கீறலில் தண்ணீர் நிரம்பினால் தண்ணீருக்கும் பூச்சுக்கும் இடையே திரும்புவது ஆயிரத்தில் 4 பங்குகூட இல்லை. காரணம், ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, கிளியர் கோட்டுக்குச் சுமார் 1.5; இரண்டும் நெருங்கிவிட்டன. வண்டிக்குப் பூசும் மெழுகான வேக்ஸுக்கு ஏறத்தாழ 1.45. இன்னும் நெருக்கம். அங்கே திரும்புவது பத்தாயிரத்தில் 3 பங்கு அளவுதான். வெளிச்சத்துக்கு அந்தக் கரை இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. வேக்ஸ் போட்டதும் வண்டி புதிதுபோல் ஆவதன் ரகசியம் இது. கீறல் அங்கேயேதான் இருக்கிறது. வேக்ஸ் தேய்ந்து போனால் வலை திரும்பி வரும்.

வேக்ஸின் இன்னொரு வேலையைத் தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் எப்போதோ சொல்லி வைத்துவிட்டோம். தண்ணீருக்கு மெழுகோடு ஒட்டுவதைவிடத் தன்னோடு தான் ஒட்டிக்கொள்வது பிடிக்கும். முத்து முத்தாகத் திரள்கிறது. வண்டிக்குப் போடும் கார்னூபா மெழுகும் இலையிலிருந்து வருவதுதான். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனை, தன் ஓலையின் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் பூச்சு அது. தாமரை இலை இன்னும் ஒரு படி மேலே. அதில் மெழுகோடு நுண்ணிய மேடுபள்ளமும் சேர்ந்திருப்பதால் துளி உருண்டையாகவே நிற்கிறது. வழவழப்பான வண்டியில் அந்த அளவு வராது.

வெயிலில் வண்டி கழுவினால் நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைக் குவித்துப் பெயின்டைச் சுட்டுவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைக்கோளமாக உட்கார்ந்திருக்கும் துளி, வெளிச்சத்தைத் தன் உயரத்தைப்போல நான்கு மடங்கு ஆழத்தில்தான் குவிக்கும். துளி ஒரு பங்கு, மீதி மூன்று பங்கு பெயின்டுக்கும் தகட்டுக்கும் கீழே. குவியும் புள்ளி பெயின்டிலேயே இல்லை. வெயிலில் கழுவக் கூடாது என்பது சரியான அறிவுரை, காரணம் வேறு. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, அதிலிருந்த கால்சியம் உப்பு வெள்ளைத் திட்டாகத் தங்கிவிடும். சரியான பழக்கத்துக்குத் தவறான காரணம் சொன்னால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. துளி சுடும் என்று நம்புகிறவர், சாயங்காலம் உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே காயவிடுவார்.

வாசகர் கடிதத்தின் கீழே, பாலிஷ் போடலாமா என்றும் கேட்டிருந்தார். பாலிஷ் வேக்ஸ் மாதிரி கிடையாது. அதில் நுண்ணிய அலுமினா துகள்கள் இருக்கும்; கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையே தேய்த்துச் சமமாக்கும். கீறல் நிஜமாகவே போய்விடும், கூடவே பூச்சில் கொஞ்சமும் போகும். அந்த 40 மைக்ரானில்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் கலந்திருக்கிறது. அதனால் வருடா வருடம் பாலிஷ் போடும் சமாச்சாரம் வேண்டாம். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான கீறலைப் பாலிஷிடம் கொண்டுபோகாதீர்கள், அதைச் சமமாக்கும் முன் பூச்சு தீர்ந்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது: ஒரு முறை பாலிஷ், அதன்மேல் வேக்ஸ், காலையில் காய்ந்த துணியால் துடைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். கழுவும்போது இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர்; அழுக்குத் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் நனைக்க வேண்டும். கூரையிலிருந்து கீழே வாருங்கள், சக்கரத்துக்கு வேறு துணி. நடுவில் துணி கை நழுவித் தரையில் விழுந்தால், உதறிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு துணி எடுங்கள்.