விலை குறைந்த ஆயில் ஊற்றலாம், எதைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்பதுதான் விஷயம்

டேஷ்போர்டில் என்ஜின் ஆயிலுக்கான எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வால்வு கவரைக் கழற்றினேன். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாப்டைச் சுற்றித் தார் அப்பியதுபோலக் கறுப்புப் படலம். விரலால் வழித்தால் கட்டியாக வருகிறது. என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை இறக்கினால், ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலை பாதிக்கு மேல் அடைத்துக் கிடக்கிறது. "இருப்பதிலேயே விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில்தானே ஊற்றினேன்!" என்றார். பொய் இல்லை. அந்தத் தைரியத்தில் மாற்றவேண்டிய தூரத்தைப்போல இரண்டு மடங்கு ஓட்டியிருக்கிறார்.

சாதாரண ஆயிலை ஊற்றி, சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுகிறவர்களின் என்ஜினையும் பிரித்திருக்கிறேன். உள்ளே சுத்தமாக இருக்கும். அதனால் "விலை குறைந்தது போடலாமா?" என்று கேட்பவர்களிடம், முதலில் காரோடு வந்த கையேட்டை எடுத்துவரச் சொல்வேன்.

அதில் இரண்டு விவரம் வேண்டும். ஒன்று கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை. 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைக் காட்டுவது. பின்னால் உள்ளது என்ஜின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில், எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. 'கெட்டியாக ஊற்றினால் என்ஜினுக்குப் பாதுகாப்பு' என்று சொல்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய என்ஜின்களில் இடைவெளிகள் மிக நுணுக்கமானவை. பலவற்றில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே போய்ச் சேரத் தாமதமாகும். எரிபொருளும் கூடுதலாகப் போகும்.

இரண்டாவது, தரக் குறியீடு. பலர் கண்ணில் படாமல் போவது இதுதான். கேனின் பின்பக்கம் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரம்) என்று போட்டு, எஸ் என்ற எழுத்தில் தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்றால் டீசலுக்கு. பெட்ரோல் வரிசையில் எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். கையேடு எஸ்என் கேட்டால் எஸ்பி தாராளமாகப் போடலாம். எஸ்எஃப், எஸ்ஜி என்று மட்டும் எழுதிய கேன் மலிவாகக் கிடைத்தால் வைத்துவிட்டு வாருங்கள். அவை எப்போதோ காலாவதியான தரங்கள்.

கிரேடும் குறியீடும் பொருந்திவிட்டால், அதிகம் கேள்விப்படாத கம்பெனியின் ஆயிலானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையேடு சிந்தெடிக் கேட்காதபோது, கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் சாதாரண மினரல் ஆயிலே போதும், நேரத்துக்கு மாற்றினால் சரி. 'சிந்தெடிக்' என்று விற்பதில் பெரும்பங்கு கச்சா எண்ணெயையே நன்றாகச் சுத்திகரித்து எடுத்ததுதான், தெரியுமோ?

இரண்டு இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டர்போ வைத்த நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் என்ஜினில், குறைந்த வேகத்தில் முழுப்பாரம் இழுக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே பற்றி பிஸ்டனையே உடைக்கும் அபாயம் உண்டு. எஸ்பி தரம் அதையும் சோதித்தே தரப்படுகிறது. புகை வடிகட்டி பொருத்திய டீசல் காருக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு வடிகட்டிக்கே போய்விடும்.

அப்புறம் பில்டர். ஆயில் மாற்றும்போது அதையும் மாற்றிவிடுங்கள். ஆயிலில் கலக்கச் சொல்லி விற்கும் குட்டி பாட்டில்களுக்குக் கொடுக்கும் காசு அதற்கு ஆகும். நிறத்தைப் பார்த்தும் பயப்படவேண்டாம். டீசல் என்ஜினில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும், கரியைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. அளவைத்தான் பார்க்கவேண்டும். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும்.

நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால் மூடியின் சீலைப் பாருங்கள். பழைய கேன்களில் கண்டதை நிரப்பி விற்கும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அதனாலேயே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேன் காலியானதும் ஸ்க்ரூடிரைவரால் அடியில் இரண்டு குத்து குத்திவிட்டுத்தான் தூக்கிப்போடுவோம்.