பூனைக்குக் கிட்னி பழுதானால் எதை முதலில் கவனிப்பது?

வயதான பூனை அடிக்கடி தண்ணீரைத் தேடிப் போகிறது, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் முன்பைவிடப் பெரிதாக இருக்கின்றன, தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது என்றால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நாள்பட்ட சிறுநீரக நோயைக் குணப்படுத்த முடியாது. ஆனால் கிட்னி செய்துவந்த வேலைகளில் எவை நின்றுபோயின என்று பார்த்து அவற்றை நாம் வெளியிலிருந்து செய்துகொடுக்கலாம். சிகிச்சை என்பது அவ்வளவுதான், அதிலேயே பல பூனைகள் வருடக்கணக்கில் நன்றாக இருக்கின்றன.

ஒரு பூனையின் ஒவ்வொரு கிட்னியிலும் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளான நெஃப்ரான்கள் சுமார் 2 லட்சம் உண்டு. செத்தவை திரும்ப முளைப்பதில்லை, மிச்சமிருப்பவை கூடுதல் பாரத்தைச் சுமக்கின்றன, அதனால்தான் நோய் இத்தனை நாள் வெளியே தெரியாமல் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு போனபிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போகும், கிட்டத்தட்ட முக்கால் பங்கு போனபிறகுதான் ரத்தத்தில் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறும். அந்தக் கிரியேட்டினினும் தசையிலிருந்து வருவது, ஆகவே மெலிந்துபோன கிழப்பூனைக்கு நோய் முற்றியிருந்தாலும் எண் குறைவாகக் காட்டும். தசையை அவ்வளவாகச் சாராத எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தச் சோதனையையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

ஐரிஸ் என்ற சர்வதேசக் குழுவின் அளவுகோலில் கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரை இரண்டாம் நிலை, 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும் பூனைக்கு ஒருமுறை எடுத்த எண்ணை வைத்து நிலையைத் தீர்மானிக்கக் கூடாது. முதலில் நீர்ச்சத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டும்.

சரி, எதில் தொடங்குவது? பாஸ்பரஸில். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது, தேங்கும் பாஸ்பரஸ் ஹார்மோன்களைக் கிளறி எலும்பையும் மிச்சமிருக்கும் கிட்னியையும் அரிக்கிறது. கிட்னி உணவு எனக் கடையில் கிடைப்பது முக்கியமாகப் பாஸ்பரஸைக் குறைத்துச் செய்ததுதான். 2000-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் இந்த உணவைச் சாப்பிட்ட பூனைகள் நோய் தெரிந்தபிறகு வாழ்ந்த இடைநிலைக் காலம் (பாதிப் பூனைகள் தாண்டிய அளவு) 633 நாள், சாப்பிடாதவற்றுக்கு 264 நாள். பெரிய வித்தியாசம்தான், ஆனால் அதைச் சாப்பிடாத குழுவில் இருந்தவை அந்த உணவை மறுத்த, அல்லது கொடுக்க முடியாமல் போன பூனைகள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் வீடுகளில் முள்ளோடு போடும் நெத்திலியிலும் கருவாட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கருவாட்டில் உப்பு வேறு.

ஆனால் எந்த உணவானாலும் பூனை தின்றால்தான் பலன். குமட்டல் இருக்கும்போது புது உணவைக் கொண்டுபோய் வைத்தால் அந்த வாடையையே குமட்டலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு பிறகு எப்போதும் தொடாது. முதலில் வாந்தியை மாரோபிடன்ட் போன்ற மருந்தால் அடக்குங்கள், பசிக்கு மிர்டாசபைன் இருக்கிறது, அதைக் காது மடலில் தடவும் களிம்பாகவும் தயாரிக்கிறார்கள். அப்புறம் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உணவை மாற்றலாம். அப்படியும் மறுத்தால் பழைய உணவையே கொடுத்து, அதோடு பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்கும் மருந்தைக் கலந்துவிடுங்கள். அதைத் தனியாகக் கொடுத்தால் வீண், சாப்பாட்டோடுதான் போக வேண்டும். பட்டினி கிடப்பதைவிடத் தப்பான உணவைத் தின்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் சில நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே ஆளைக் கொன்றுவிடும்.

பெரும்பாலும் விட்டுப்போவது பிபி. அதன் மேல் எண் 160-ஐத் தாண்டினாலே கண்ணுக்கு ஆபத்து, விழித்திரை பிரிந்து ஒரே நாளில் பார்வை போய்விடலாம். அம்லோடிபைன் என்ற பிபி மருந்து இதற்கு நன்றாகக் கேட்கும். சிறுநீரில் புரதம் போனால் டெல்மிசார்டன் போன்ற மருந்தைச் சேர்ப்பார்கள். பொட்டாசியம் குறைந்தால் பூனையால் தலையை நிமிர்த்த முடியாமல் கழுத்து தொங்கும், அதையும் மருந்தால் ஈடுகட்டலாம்.

கடைசியில் டிரிப்ஸ். எல்லாப் பூனைக்கும் உடனே ஏற்றத் தேவையில்லை. நன்றாகத் தின்று, தண்ணீர் குடித்து, இரண்டாம் நிலையில் இருக்கும் பூனைக்கு ஈர உணவே போதும், அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மூன்றாம், நான்காம் நிலையில் அடிக்கடி வற்றிப்போகிறவற்றுக்குத் தோலுக்கடியில் 100 முதல் 150 மில்லி வரை ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை வீட்டிலேயே ஏற்றலாம், டாக்டர் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் கை பழகிவிடும். இதய நோய் இருந்தால் மட்டும் இதை நீங்களாகத் தொடங்காதீர்கள், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும்.