கார் இருக்கையில் கறை பட்டால் முதலில் கையை நிறுத்துங்கள்

சில மாதங்களுக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியை தம்முடைய காரை எங்கள் வேலைத்தளத்துக்குக் கொண்டுவந்தார். கதவைத் திறந்து முன் இருக்கையைக் காட்டும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது. "தம்பி, சிந்தியது பருப்புக் கறிதான். ஆனால் பாருங்கள், இரத்தம் கொட்டியதுபோல் இருக்கிறது." வெளிர் சாம்பல் நிறத் துணியின் நடுவே இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் செங்கபில நிறம் படர்ந்திருந்தது. மதியச் சோற்றுப் பார்சல் சரிந்து குழம்பு கொட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் துணி தோய்க்கும் சவர்க்காரத்தை நனைத்துப் பூசி, பிரஷால் பத்து நிமிடம் தேய்த்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் சிவந்திருக்கிறது.

ஆலத்தி எடுக்கும் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். சவர்க்காரமும் காரத்தன்மை உடையது. இருக்கையின் மேல் நடந்ததும் அதுதான். ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றினேன். சிவப்பு அவருடைய கண்ணெதிரே மஞ்சளுக்குத் திரும்பியது. பிறகு பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த நீரால் எண்ணெயை எடுத்தேன். எஞ்சிய இளமஞ்சளை என்னால் எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. குர்குமின் வெயிலுக்கு நிற்காது. காலை வெயில் இருக்கையில் விழும்படி சில நாள் காரை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி வைக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் அவர் அனுப்பிய படத்தில் கறை இருந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சுவடாகத் தெரிந்தது பிரஷ் பட்டு மயிர்விட்ட நூல்கள் மட்டும்தான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பல ஆண்டுகளாகக் கார்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்து வருகிறேன். என்னிடம் வரும் துணி இருக்கைகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது, சிந்திய பிறகு செய்த அவசர வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேய்த்தால் கறை எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? இருக்கைத் துணி பெரும்பாலும் பொலியெஸ்டர் நூல். அதற்குக் கீழே மெல்லிய பஞ்சுப் படலம், அதற்கும் கீழே கையளவு தடிப்பான நுரைப்பஞ்சு. மேலே அழுத்தித் தேய்க்கும்போது கறை பக்கவாட்டில் பரவும், கீழேயும் இறங்கும். பஞ்சுக்குள் இறங்கிய கறை, துணி காயும்போது ஈரத்தோடு மறுபடி மேலே ஏறி வரும். "நேற்று போய்விட்டது, இன்று திரும்ப வந்துவிட்டது" என்று வாடிக்கையாளர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே சிந்தியவுடன் செய்ய வேண்டியது ஒற்றுவதுதான். கட்டியாக இருப்பதைக் கரண்டி விளிம்பால் வழித்தெடுங்கள். பிறகு காய்ந்த வெள்ளைத் துவாயை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், எடுங்கள், துவாயின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி மறுபடி அழுத்துங்கள். துவாயில் நிறம் ஏறுவது நிற்கும் வரை வேறு எதையும் ஊற்ற வேண்டாம். சாயத் துணி வேண்டாம், அதன் சாயமே புதுக் கறையாகிவிடும். கறையின் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் போங்கள்.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கொழும்பில் கடற்காற்றில் ஈரம் குறைவதே இல்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று, அதன் பின்னால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை. இந்த ஊரில் நனைந்த நுரைப்பஞ்சு தானாகக் காயும் என்று நம்பக்கூடாது. இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவரின் பின் இருக்கையில் ஒரு குழந்தை பாலை வாந்தி எடுத்துவிட்டது. அவர் அடுத்த சவாரிக்குப் போக வேண்டிய அவசரத்தில், அருகிலிருந்த சேர்விஸ் நிலையத்தில் குழாயைப் பிடித்து இருக்கையைக் கழுவித் தரச் சொல்லியிருக்கிறார். மேலே துடைத்துவிட்டு, அதன் மேல் றெக்சின் உறையையும் போட்டு அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். என்னிடம் வந்தபோது உறையைக் கழற்றினோம். துணியில் கறுப்புப் புள்ளிகள். பின் இருக்கையின் அடிப்பாகத்தைத் தூக்கி நிமிர்த்தியபோது மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே இருந்த கம்பளம் பிழியக்கூடிய ஈரத்தில் கிடந்தது. அதற்குள் ஊறியிருந்த பாலின் புளித்த வாடை இன்னும் நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்து, காற்றாடி போட்டுக் காயவைக்க மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாள் உழைப்பு அந்தத் தம்பிக்கு இல்லாமல் போனது. ஒரு துவாயும் அரைப் போத்தல் குளிர்ந்த நீரும் போதுமாயிருந்த வேலை அது.

குளிர்ந்த நீர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பால், முட்டை, இரத்தம், வாந்தி ஆகியவற்றில் புரதம் இருக்கிறது. சுடுநீர் பட்டால் முட்டை வேகுவதுபோல் அது நூலிலேயே இறுகிவிடும். இவற்றுக்குக் குளிர்ந்த நீரை ஒற்றி, பிறகு என்சைம் கலந்த சலவைத் திரவத்தை மிக மெல்லிதாகக் கரைத்துப் பயன்படுத்தலாம். காய்ந்த பின் அப்பச்சோடாவைத் தூவி ஓர் இரவு வைத்து, வேக்கம் கிளீனரால் இழுத்தால் வாடை பெரிதும் குறையும்.

நம்முடைய பால் தேநீர் தனிச் சிக்கல். அதில் பாலின் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன, தேயிலையில் கறையாகப் பிடிக்கும் தனின் என்ற பொருளின் நிறமும் இருக்கிறது, சீனியும் இருக்கிறது. முதலில் குளிர்ந்த நீர், அடுத்து பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டியை அரை லீற்றர் நீரில் கலந்த கரைசல், கடைசியில் தேயிலைச் சாயத்துக்கு மேலே சொன்ன வினாகிரிக் கலவை. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. முடிவில் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். சீனியோ சவர்க்காரமோ துணியில் தங்கினால், சில வாரங்களில் தூசியை இழுத்துப் பிடித்து அந்த இடமே கறுத்துவிடும். பிளேன்டீக்கு முதல் இரண்டு படிகள் தேவைப்படாது; ஒற்றிவிட்டு வினாகிரிக் கலவைக்குப் போகலாம்.

காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிக் காருக்குள் இருந்து சாப்பிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த எண்ணெய்க் கறைக்கு முதலில் தண்ணீரே படக்கூடாது. சோளமாவைத் தூவி அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெயை மா குடிக்கும். அதை வழித்த பிறகு பாத்திரம் கழுவும் திரவக் கரைசல் போதும். சூயிங்கம் ஒட்டினால் பனிக்கட்டியைப் பையில் போட்டு வைத்து இறுகச் செய்து பெயர்த்தெடுங்கள். பேனா மைக்கு மருந்துக்கடை ஸ்பிரிட், பஞ்சில் தொட்டு. விபூதியும் குங்குமமும் கொட்டினால் கையால் தட்டவோ நனைக்கவோ வேண்டாம். முதலில் உலர்ந்தபடியே வேக்கம் கிளீனரால் இழுங்கள். நனைந்த குங்குமத்தோடு மல்லுக்கட்டுவது மிகக் கடினம். எதைப் பூசுவதாக இருந்தாலும் முதலில் இருக்கையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளி வைத்துச் சோதியுங்கள்.

கடைசியாக ஒற்றியது முடிந்தாலும், கறை இருந்த இடத்தை மட்டும் நனைத்துவிட்டு விட்டால் காய்ந்த பின் வளையம் தெரியும். மேசைத்துணியில் தேநீர் சிந்திக் காய்ந்தால் விளிம்பு மட்டும் கறுத்திருக்கும் அல்லவா? ஈரம் அழுக்கை விளிம்புக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அதனால் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் சீராகத் துடைத்து முடியுங்கள்.

இனி உயிரோடு விளையாடும் காரியங்கள். கிறீஸ் கறைக்குப் பெற்றோல் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மூடிய காருக்குள் பெற்றோல் ஆவி தங்கும்; ஒரு சிறு பொறி போதும். அதோடு அது துணிக்கும் பஞ்சுக்கும் இடையிலுள்ள பசையையும் கரைக்கும். வெளிற்றும் திரவம் துணியின் சாயத்தைத் தின்றுவிடும், அதை நான் திருப்பித் தர முடியாது. அதைவிட முக்கியம், வெளிற்றும் திரவத்தோடு வினாகிரியோ வேறு அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காருக்குள் குனிந்து வேலை செய்பவருக்கு அது நேராக முகத்தில் அடிக்கும். தயவுசெய்து இரண்டையும் ஒரே நாளில் ஒரே இருக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இருக்கையின் கீழே பாருங்கள். மஞ்சள் நிற இணைப்பிகள் தெரிந்தால் அவை எயார் பேக்குக்குப் போகும் வயர்கள். அவற்றைக் கழற்றவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். நம்முடைய தெருக்களில் நிறைய ஓடும் சிறிய ஹைபிரிட் வகைக் கார்கள் (பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடுபவை) சிலவற்றில், காரை ஓட்டும் உயர் மின்னழுத்தப் பற்றரி இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. டொயோட்டா அக்குவாவில் பின் இருக்கையின் கீழே. அதைக் குளிர்விக்கும் காற்று உள்ளே போகும் துளையும் அங்கேதான். அந்தக் காருக்குள் குழாயைப் பிடிக்கும் எவரையும் தடுத்து நிறுத்துங்கள்.

வெள்ளம் புகுந்த கார் வேறு கதை. 2016 மே மாத வெள்ளத்துக்குப் பிறகு கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளில் என்ன கிடந்தது என்பதை அந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள். வடிகால் நீர் கலந்த பஞ்சை வீட்டில் கழுவிப் பயனில்லை. கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. இருக்கைகளைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பல வேளைகளில் பஞ்சை மாற்ற வேண்டியே வரும்.

காயவைப்பதற்கு நான் செய்வது இது. வெயில் இருந்தால் நான்கு கதவுகளும் திறந்தபடி. மழை என்றால் கூரைக்குக் கீழே நிறுத்தி, நின்ற காற்றாடி ஒன்றை இருக்கைக்கு நேரே வைத்து இரவு முழுவதும். ஓடிக்கொண்டே காயவைக்க வேண்டியிருந்தால் ஏசியைப் போடுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்து வெளியே சொட்டவிடும். உறை போடுவதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளை மடித்து அந்த இடத்தில் வைத்து, முழங்காலை ஊன்றி ஒரு நிமிடம் முழுப் பாரத்தையும் கொடுங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் காற்றாடி இன்னும் ஓர் இரவு ஓடட்டும்.