குதிரையை ஏமாற்றும் பன்றிப் புரதம்

"ஹெலிகாப்டரில் போய்க் குதிரை மேய்க்கிறார்களே, இதற்கெல்லாமா அமெரிக்க அரசு காசு ஒதுக்குகிறது?" என்று ஒரு வாசகர் காணொளி ஒன்றை அனுப்பிக் கேட்டிருந்தார். நெவாடாவின் வறண்ட சமவெளி. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும் முப்பது நாற்பது குதிரைகள். அவற்றின் முதுகுக்கு மேலே தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்.

ஆமாம், ஒதுக்குகிறது. காட்டுக்குதிரைத் திட்டத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி டாலர். ஆனால் அதில் பெரும்பங்கு ஹெலிகாப்டருக்குப் போவதில்லை. பிடித்த குதிரைகளுக்குத் தீனி போடப் போகிறது.

அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர், நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. மேய்ச்சல், சுரங்கம், எண்ணெய்க் கிணறு, கூடாரம் அடிக்க வருகிறவர்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒன்றிய அரசின் அலுவலகம் அது. 1971இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பொது நிலத்தில் திரியும் குதிரைகளையும் கழுதைகளையும் இதன் தலையில் கட்டியது. அந்த நிலம் தாங்கக்கூடியது சுமார் 26,000 விலங்குகள் என்பது பணியகத்தின் கணக்கு. 2020இல் இருந்ததோ 95,000.

ஒரு மந்தை ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு பெருகும். கூட்டுவட்டி தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை, நான்கைந்து ஆண்டில் இரட்டிப்பு. மிகுதியைப் பிடிக்கிறார்கள். பிடித்தபின்? ஆரோக்கியமான குதிரையைக் கொல்ல இந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்று நாடாளுமன்றம் நிதி மசோதாவில் எழுதிவிடுகிறது. தத்தெடுக்க ஆள் போதவில்லை. ஆகவே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் பட்டிகளிலும் குத்தகை மேய்ச்சல் நிலங்களிலும் அரசுச் செலவில் வாழ்ந்திருக்கின்றன. திட்டப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேதான் கரைகிறது. குட்டி பிறக்காமல் தடுக்கும் வேலைக்குக் கிடைப்பது சில விழுக்காடு.

இந்தச் சில விழுக்காட்டுக்குள் ஓர் அழகான உயிரியல் ஒளிந்திருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

பாலூட்டிகளின் கருமுட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய புரத உறை உண்டு. பெயர் ஜோனா பெலூசிடா. லத்தீனில் ஜோனா என்றால் அரைக்கச்சை, பெலூசிடா என்றால் ஒளி ஊடுருவுவது. கண்ணாடியால் செய்த அரைஞாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கு இது வாசல், காவல் இரண்டும். விந்தணு வந்து இதில் உள்ள சர்க்கரை ஒட்டிய புரதங்களைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றினால்தான் உள்ளே வழி. ஒன்று நுழைந்த கையோடு உறை இறுகிவிடும், பின்னால் வருபவற்றுக்கு இடமில்லை.

சரி, வாசலை அடைக்க வேண்டுமென்றால் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடிகளை) அனுப்பி அந்தப் பிடிமானங்களை மூடிவிடலாம். யார் அனுப்புவது? குதிரையின் உடலே அனுப்பினால்தான் உண்டு. ஆனால் தன் உடலின் புரதத்தைத் தாக்காமல் இருக்க நோய் எதிர்ப்பு மண்டலம் பழகியிருக்கிறது. குதிரையின் உறைப் புரதத்தைக் குதிரைக்கே ஊசி போட்டால், 'நம்ம ஆள்தானே' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். சம்பந்தமே இல்லாத புரதத்தைப் போட்டாலும் பயனில்லை. எதிர்ப்புரதம் உருவாகும், ஆனால் முட்டையில் வந்து ஒட்டாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு புரதம் வேண்டும். அதைத் தருவது பன்றி. இறைச்சிக்கூடத்தில் கழிவாகப் போகும் பன்றிச் சூலகங்களிலிருந்து இந்த உறையைப் பிரித்தெடுக்கிறார்கள். அது குதிரையின் உடலைச் சீண்டும் அளவுக்கு அந்நியம், உருவாகும் எதிர்ப்புரதம் குதிரையின் முட்டையிலும் போய் ஒட்டும் அளவுக்கு உறவு. பக்கத்து வீட்டுக்காரன் மேல் உள்ள கோபத்தில், அவன் சாயலில் இருக்கும் சொந்தத் தம்பியையே உள்ளே விட மறுப்பது போல. ஒரு தடவைக்குத் தேவை 100 மைக்ரோகிராம் புரதம். ஒரு கிராம் இருந்தால் பத்தாயிரம் ஊசி. ஹார்மோன் எதுவும் கலைவதில்லை என்பதால் பெட்டைக்குப் பருவம் வழக்கம்போல வருகிறது, ஆண் குதிரையும் அதைவிட்டுப் போவதில்லை. ஏற்கெனவே சினையாக இருந்தால் அதற்கும் கேடில்லை.

இந்தத் தடுப்பூசிக்கு 2012இல் அனுமதி தந்தது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. எந்தச் சட்டத்தின்கீழ் தெரியுமா? பூச்சிக்கொல்லிகளுக்கான சட்டம். காகிதத்தில் குதிரை அங்கே ஒரு 'பூச்சி'.

1980களின் கடைசியில் உயிரியலாளர் ஜே கிர்க்பாட்ரிக் குழுவினர் அட்லாண்டிக் கரையோரத்து அசடீக் தீவில் இதைச் சோதித்தார்கள். அந்த நிலம் இன்னோர் ஒன்றிய அமைப்பான தேசியப் பூங்காச் சேவையினுடையது. அங்கே நடந்தது வேடிக்கை. ஊசி போடாத பெட்டைகள் சராசரியாக ஆறரை வயதில் இறந்துகொண்டிருந்தன. மூன்று ஆண்டுக்கு மேல் ஊசி பெற்றவை இருபது வயது வரை வாழ்ந்தன. ஆண்டுதோறும் சினை, பால் என்று உருகாததால் உடம்பு தேறிவிட்டது. பிறப்பு குறைந்தும் மந்தை சட்டென்று சிறுக்காததற்கு அதுவே காரணமாயிற்று. பிறகு மெதுவாக, 170க்கு மேல் இருந்த மந்தை நூறுக்குக் கீழ் வந்தது.

ஒரு குறை இருக்கிறது. எதிர்ப்புரதம் காலப்போக்கில் வடிந்துவிடும். முதல் ஆண்டு இரண்டு ஊசி, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று, இனப்பெருக்கப் பருவம் தொடங்கும் முன்பே. நாடாளுமன்றத்தின் பணமும் ஆண்டுக்கொரு முறைதான். நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது என்பது ஏட்டில். நடப்பில் பல ஆண்டுகளில் மசோதா மாதக்கணக்கில் இழுபடும், அதுவரை பழைய அளவிலேயே தவணைப் பணம். பட்டியில் நிற்கும் குதிரை தினமும் தின்னும், அந்தப் பணத்தை யாரும் நிறுத்த முடியாது. ஊசியைத் தள்ளிப்போட்டால் யாரும் உடனே கேட்கப்போவதில்லை, குட்டிகள் பிறக்கப் பதினொரு மாதம் ஆகும் அல்லவா? வந்த நோய்க்குப் பணம் கேட்டால் கிடைக்கும், வராத நோய்க்குக் கேட்டால் கிடைக்காது. எல்லா அரசுகளும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்தின் விலை ஒரு தடவைக்குச் சுமார் முப்பது டாலர். பட்டியில் ஒரு குதிரைக்கு அது ஒரு வாரச் சாப்பாடு.

நெவாடா முழுக்க இதைச் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே மனித வாடை பட்டாலே குதிரைகள் மைல்கணக்கில் ஓடும், மருந்து நிரப்பிய சிறு ஈட்டியைத் தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கியோ நாற்பது மீட்டருக்குள் போனால்தான் உதவும். ஆனால் மொன்டானாவின் பிரையர் மலை, கொலராடோவின் லிட்டில் புக் கிளிஃப்ஸ் போன்ற சிறிய மந்தைகளில் நடந்துகொண்டிருக்கிறது. சுடுகிறவருக்கு ஒவ்வொரு பெட்டையையும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, பிடரி விழும் பக்கம், எல்லாவற்றுக்கும் படத்தோடு பதிவேடு. அந்தியூர்க் குதிரைச் சந்தையில் சுழி பார்த்து, இது குடும்பத்துக்கு ஆகும் இது ஆகாது என்று விலை பேசுவதை நின்று கேட்டிருக்கிறேன். அதே கூர்ந்த பார்வை, அந்தியூரில் பாழாய்ப்போன ராசிக்குச் செலவாகிறது.

ஈட்டி புட்டத்தில் தைத்ததும் மருந்து இறங்கும், சில நொடியில் ஈட்டி கழன்று புல்லில் விழும். பெட்டை நாலு எட்டு ஓடி, நின்று, மறுபடி மேயும். சுட்டவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேஜ் புதர்களுக்கு நடுவே ஈட்டியைத் தேடுவார். கிடைத்ததும் உள்ளே மருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பெட்டையின் பெயருக்கு நேரே தேதியைக் குறிப்பார்.